மருந்து காதுக்கு மட்டும் போனது: காது மிஷின் அணிபவருக்குத் திரும்பத் திரும்ப வந்த பூஞ்சைத் தொற்று

பதினொரு மாதத்தில் நான்கு தடவை வலது காதில் தொற்று. நான்கு தடவையும் சொட்டு மருந்து போட்டார். பத்து நாளில் அடங்கியது. மிஷினை மாட்டிக்கொண்டு மூன்று, நான்கு வாரம் போனதும் முதலில் அரிப்பு, பிறகு அடைப்பு, பிறகு கசிவு. ஐந்தாம் தடவை வந்தபோது அவர் கேட்டது இது: "டாக்டர், மருந்து போடுற வரைக்கும் நல்லா இருக்கு. நிறுத்தினா பழைய கதைதான். வேற பவரான மருந்தா எழுதிக் குடுங்க."

பவரான மருந்து தேவைப்படவில்லை. நான்கு தடவையும் வைத்தியம் காதுக்கு மட்டும் நடந்திருந்தது. அந்தக் காதுக்குள் தினமும் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் அச்சை யாரும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

இங்கே பேசப்படுபவர் தனி ஒருவர் அல்லர். சென்னையில் காது மிஷின் அணியும் முதியவர்களிடம் அடிக்கடி பார்க்க நேரும் நிலைகளை ஒரே ஆளின் மேல் வைத்து எழுதியிருக்கிறோம். வயது 71. தொழிற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வீடு அயனாவரம். பதினெட்டு ஆண்டாகச் சர்க்கரை. இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த கேட்கும் திறன் குறைவு: வலதில் சராசரி 62 டெசிபல், இடதில் 74. இரண்டு காதுக்கும் பின்புறம் மாட்டும் வகை மிஷின். காதின் அளவெடுத்துச் செய்த கடினமான அக்ரிலிக் அச்சு. மிஷின் கடைகளில் இதை மோல்டு என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

வலதுதான் நன்றாகக் கேட்கும் காது. ஆகவே வலது மிஷினைக் கழற்றுவதென்றால் அவருக்கு வீட்டோடு பேச்சே அறுந்துபோனது போல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். தொற்று நேரத்திலும் அவர் ஏன் அதைக் கழற்றவில்லை என்பது அப்போதுதான் புரியும்.

காதில் கண்டது

நுண்நோக்கி வைத்துப் பார்த்தபோது செவிக்குழல் முழுக்க நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போன்ற சாம்பல் நிறக் கழிவு. அதன்மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். கண்ணால் பார்த்தாலே ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையைச் சந்தேகிக்க வைக்கும் தோற்றம் இது. பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரியிலும் அதுவே வளர்ந்தது. கழிவை உறிஞ்சி எடுத்த பிறகு செவிப்பறை தெரிந்தது: ஓட்டை இல்லை. குழலின் கீழ்ச்சுவரில், நுழைவாயிலிலிருந்து சுமார் அரை அங்குலம் உள்ளே, அவரைவிதை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்த இடம். மோல்டின் நுனி முடியும் இடமும் அதுவே.

நான்கு தடவையும் அவர் போட்டது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஒரே கலவைச் சொட்டு. நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்டீராய்டு, மரப்பு மருந்து மூன்றும் அதில் சேர்ந்திருந்தன. ஸ்டீராய்டு வீக்கத்தையும் மரப்பு மருந்து அரிப்பையும் அடக்கும். அதனால் குணமானது போலத் தெரியும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையைத் தொடாது. போட்டிக்கு இருந்த பாக்டீரியாவை அகற்றிப் பூஞ்சைக்கு இடம் விட்டுக்கொடுக்கும். அரிப்பு நின்றதைக் குணம் என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் தவறு. அதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

மோல்டில் கண்டது

வலது மோல்டைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தபோது ஆறு விஷயங்கள் தெரிந்தன. காற்று போய்வர விட்ட 1 மி.மீ. துளை எண்ணெயும் குறும்பியும் கெட்டிப்பட்டு முழுதும் அடைத்திருந்தது. பரப்பில் நரம்பு நரம்பாக விரிசல். நுனியின் ஓரத்தில் ஒரு கூர்மை. தோல் உரிந்த இடத்தோடு அது அப்படியே பொருந்தியது. ஒலி போகும் குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தது. இரண்டு ஆண்டாக மாற்றவில்லை. குழாயின் வளைவில் நீர்த்துளிகள். மோல்டின் உட்பக்கம் விரல் வைத்தால் வழுக்கியது.

விரிசலுக்குக் காரணம் ஸ்பிரிட். ஊசி போடும் முன் துடைக்கும் அதே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தினமும் துடைத்திருக்கிறார். சுத்தமாக வைத்துக்கொள்ளும் அக்கறைதான். ஆனால் ஸ்பிரிட்டும் சானிடைசரும் அக்ரிலிக்கைக் காலப்போக்கில் கீறிவிடும், சிலிக்கோனை இறுக்கிவிடும். கீறல் விழுந்த மோல்டை எவ்வளவு துடைத்தாலும் கீறலுக்குள் இருப்பது அங்கேயே இருக்கும். விறைத்த குழாய் இன்னொரு வேலையும் செய்தது. மென்மையான குழாய் தாடை அசையும்போது வளைந்து கொடுக்கும். இறுகிய குழாய் சுருங்கி, மோல்டை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்கும். சாப்பிடும்போதும் பேசும்போதும் அந்தக் கூர்மையான ஓரம் ஒரே இடத்தில் உராயும்.

எண்ணெய் எப்படி வந்தது? மோல்டு காதுக்குள் எளிதாகப் போகட்டும் என்று காலையில் ஒரு பொட்டு தேங்காயெண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காதுக்குள் இரண்டு சொட்டு நல்லெண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சியது. "எங்கம்மா காலத்துல இருந்து விட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்றார் அவர் மனைவி. அது உண்மையாகவே இருக்கலாம். திறந்த காதில் விட்ட எண்ணெய் வழிந்து வெளியே வரும். இப்போது அதன்மேல் ஒரு மூடி இருக்கிறது.

மூடிய காதில் நடப்பது

செவிக்குழல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் முடியும் குறும்பிச் சுரப்பிகளும் உண்டு. உள்ளே எலும்பை ஒட்டிய தோல் காகிதம்போல் மெல்லியது. இந்தக் குழல் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். செவிப்பறையில் தொடங்கித் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து, குறும்பியையும் உதிர்ந்த செல்களையும் சுமந்து வாசலுக்குக் கொண்டுவரும். குறும்பி அழுக்கல்ல. அதன் லேசான அமிலத்தன்மையும் கொழுப்புப் பூச்சும்தான் ஈரத்தையும் கிருமியையும் தடுக்கின்றன.

மோல்டு இந்த ஓட்டத்தின் வாயை அடைக்கிறது. உள்ளே உடல் சூடு, வியர்வை, காற்று போகாத நிலை. ஈரத்தில் ஊறிய தோல் வீங்கி, அமிலத்தன்மை குறைந்து, சின்ன உராய்வுக்கே உரியும். ஈரத்தை விரும்பும் பூஞ்சைக்கும், தண்ணீரில் செழிக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, காயம் ஆறவும் நாளாகும். இவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4 விழுக்காடு.

இதன்மேல் சென்னையின் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் காலை ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். கத்திரி வெயிலில் வேறு வகைத் தொல்லை: ஒரு தடவை மார்க்கெட் போய் வந்தாலே காதுக்குப் பின்னால் வியர்வை வழிந்து மோல்டுக்குள் இறங்கும். இரவு மேசையில் திறந்து வைத்த மோல்டு விடிவதற்குள் காய்ந்துவிடும் என்று குளிர்ந்த, வறண்ட ஊரில் நம்பலாம். இங்கே மழைக்காலத்தில் துவைத்த துணியே இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை.

இவருடைய நாள் இப்படிப் போனது. காலை ஐந்தரைக்குக் குளியல், துவட்டிய கையோடு மிஷின், இரவு டிவி முடியும்வரை கழற்றுவதில்லை. மதியத் தூக்கத்திலும் காதில்தான். ஈரக் காதை மூடிப் பதினைந்து மணி நேரம். நான்கு தொற்றிலும் சொட்டு மருந்தை விட்டு, உடனே அதன்மேல் அதே மோல்டை மாட்டியிருக்கிறார்.

சிகிச்சை

மருந்துக்கு முன்னால் சுத்தம். பூஞ்சைக் கழிவு குழலை அடைத்திருக்கும்போது எந்தச் சொட்டும் தோலைத் தொடாது. முதல் நாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என மூன்று முறை நுண்நோக்கியின் கீழ் உறிஞ்சி எடுக்கப்பட்டது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவவில்லை. சர்க்கரை உள்ள முதியவருக்கு அது ஆபத்து, தீவிரத் தொற்றுக்கு வழி திறந்துவிடலாம். க்ளோட்ரிமசோல் 1 விழுக்காடு சொட்டு மருந்து, காதில் ஓட்டை இல்லை என்று உறுதி செய்த பிறகு, மூன்று வாரம். அரிப்பு ஐந்தாம் நாளே நின்றது, மருந்து நிற்கவில்லை.

சொட்டு விடும் முறையையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடேற்றணும், குளிர்ந்த மருந்து விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்து, சொட்டு விட்டபின் காது வாசலுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து தடவை அழுத்திவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும்.

கஷ்டமான பகுதி அடுத்தது: மூன்று வாரம் வலது மிஷின் இல்லாமல் இருப்பது. இங்கேதான் பெரும்பாலான வைத்தியம் உடைகிறது. "கழற்றி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள்; அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. ஆகவே அன்றைக்கே ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷினைப் பொருத்தித் தருபவர்) இடது மிஷினின் ஒலியளவைத் திருத்திக் கொடுத்தார். வீட்டாரிடம் இடப்பக்கம் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, மிக்சியையும் டிவியையும் நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லப்பட்டது. மகன் தொலைபேசிக்குப் பதில் வீடியோ அழைப்புக்கு மாறினார். இடது காதும் முதலிலேயே பரிசோதிக்கப்பட்டது, அதில் தொற்றில்லை.

பழைய மோல்டு தூக்கிப்போடப்பட்டது. விரிசல் இல்லாமல் இருந்திருந்தால் கழுவி, குழாயை மட்டும் மாற்றிப் பயன்படுத்தியிருக்கலாம். புதிய மோல்டுக்கு அளவெடுத்தது மூன்று வாரம் கழித்து, வீக்கம் முழுதும் வடிந்தபின். வீங்கிய காதில் எடுத்த அளவு வீக்கம் வடிந்ததும் தளர்ந்து விசிலடிக்கும். அதை அடக்க உள்ளே அழுத்தி அழுத்தி மீண்டும் புண்.

புதியதும் அக்ரிலிக்கே. சிலிக்கோன் மென்மையாக இருக்குமே என்று கேட்டார். மென்மைதான், ஆனால் தேய்த்துச் சரிசெய்வது கடினம், நாளடைவில் பரப்பு கரகரத்து அழுக்கைப் பிடிக்கும். திரும்பத் திரும்பத் தொற்று வரும் காதுக்கு வழவழப்பான கடின மோல்டே நல்லது என்பது எங்கள் கருத்து. காது மடலை முழுதாக நிரப்பாமல் ஓரம் மட்டும் இருக்கும் வடிவம், காற்றுத் துளை 2 மி.மீ. கேட்கும் திறன் குறைவு 62 டெசிபல் என்பதால் இந்தத் துளையை விசில் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. 80, 90 டெசிபல் குறைவு இருப்பவருக்கு இவ்வளவு பெரிய துளை விட முடியாது. அவருக்கு உலர்த்தும் நேரத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரே அளவில் இரண்டு மோல்டு செய்யப்பட்டது: ஒன்று காதில், மற்றது காய. மிஷின் விலையோடு பார்த்தால் இது சிறிய செலவு, மழைக்காலத்தில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு குறைவு.

அக்ரிலிக்கே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. மோல்டு படும் இடம் மட்டும் அச்சு எடுத்தாற்போல் சிவந்து, மாட்டிய சில மணி நேரத்தில் அரித்து, கழற்றினால் அடங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை; தோல் மருத்துவரின் ஒட்டுப் பரிசோதனை பதில் சொல்லும். தலையில் பொடுகு அதிகம் இருந்தால் காதுத் தோலும் செதில் செதிலாக அரிக்கும். இவை இரண்டுக்கும் பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கழுவுவதும் உலர்த்துவதும்

வாரம் இரண்டு தடவை கழுவல், தினமும் உலர்ந்த துணியால் துடைப்பு. இதை அவரும் மனைவியும் எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை செய்து காட்டிய பிறகே அனுப்பப்பட்டார்கள். சொல்லிக் கேட்டால் மறந்துபோகும்.

கழற்றும்போது மிஷினின் உடலைப் பிடித்து இழுக்கக் கூடாது. காதின் மேல் தொங்கும் கொக்கியை ஒரு கையாலும் குழாயின் முனையை மறு கையாலும் பிடித்து மெல்லத் திருகி எடுக்க வேண்டும். மிஷினைத் தனியே எட்ட வைத்துவிடுங்கள், அதன்மேல் ஒரு துளி தண்ணீர் படக் கூடாது. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. மோல்டை ஐந்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அந்த பிரஷ் இதற்கு மட்டுமே. கொதிநீர், டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். அயனாவரம் வீட்டில் போர் தண்ணீர். அதில் அலசி அப்படியே காயவைத்தால் குழாய்க்குள் உப்புப் படியும். கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில்.

பிறகு குழாயில் காற்றூதும் ரப்பர் பந்து. வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்புவதாகும். மிஷின் முனைப் பக்கமிருந்து ஏழெட்டுத் தடவை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளி நிற்கிறதா என்று தெரியும். காற்றுத் துளைக்குள் மெல்லிய நைலான் இழையை விட்டு எடுக்க வேண்டும். ஊசியோ ஊக்கோ விட்டால் துளை கீறும். காயும்போது வலது மோல்டும் இடது மோல்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டுக்கும் ஒரே துணியும் கூடாது. வலது சிவப்பு, இடது நீலம் என்ற புள்ளியைப் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

இரவு மிஷினும் காய்ந்த மோல்டும் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள். அதற்கு முன் பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். டப்பாவுக்குள் போன துத்தநாகப் பேட்டரி தன் ஈரத்தையும் இழந்து சீக்கிரம் செத்துவிடும். சிலிக்கா மணிகள் சில வகையில் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகவும், சில வகையில் ஆரஞ்சிலிருந்து பச்சையாகவும் மாறும். மாறிவிட்டால் அவை இனி ஈரம் இழுக்காது. இவர் வீட்டில் வைகாசியில் இரண்டு மாதம் தாங்கிய மணிகள் கார்த்திகையில் மூன்று வாரத்தில் நிறம் மாறின. அவற்றைச் சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது; நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு. ரீசார்ஜ் வகை மிஷினாக இருந்தால், சூடேற்றும் மின் உலர்த்தியில் வைக்கலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

காதுக்கும் ஓர் உலர் நேரம் வேண்டும். குளித்தபின் குறைந்தது அரை மணி நேரம் மோல்டு மாட்டக் கூடாது. இவருக்கு ஒரு மணி நேரம் என்று சொல்லப்பட்டது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு காது வாசலில், உள்ளே தள்ளாமல். காய்வதற்கு ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து அரை நிமிடம். பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது. மதியத் தூக்கத்தில் மிஷின் வேண்டாம். இரவு எட்டு மணி நேரமாவது காது திறந்திருக்க வேண்டும். எண்ணெய்க் குளியல் தொடரலாம். காதுக்குள் மட்டும் எண்ணெய் இல்லை. மோல்டு மாட்டச் சிரமமாக இருந்தால் எண்ணெய்க்குப் பதில், நீரில் கரையும் ஜெல் ஒரு பொட்டு. குழாய் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இங்கே மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மோல்டு இல்லாமல் சிறிய சிலிக்கோன் டோம் (காதுக்குள் போகும் குடை போன்ற மென்முனை) வைத்த மிஷின்களுக்குக் கழுவும் வேலை குறைவு: டோமைத் தினம் உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று மாதத்தில் புதிது மாற்ற வேண்டும், தொற்று வந்தால் அன்றே டோமும் குறும்பித் தடுப்பு வலையும் குப்பைக்கு. கழற்றும்போது டோம் கம்பியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு இரவும் பாருங்கள், காதுக்குள் தங்கிய டோம் நாட்கணக்கில் தெரியாமல் கிடந்து சீழ் பிடித்ததுண்டு. முழுதாகக் காதுக்குள் போகும் வகைகளைத் தண்ணீரில் கழுவவே முடியாது. ஆகவே தொற்று அடிக்கடி வரும் காதுக்கு அவை ஏற்றவை அல்ல என்றே சொல்வோம்.

செவிப்பறையில் ஓட்டை இருந்து சீழ் வடியும் காது வேறு விஷயம். அதை மோல்டு வைத்து மூடினால் சீழ் வெளியேற வழியில்லை. அந்த நிலையில் வீட்டில் காடி, ஸ்பிரிட் என்று எதையும் ஊற்றக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சில சொட்டுகள் ஓட்டை வழியே உள்காதுக்குப் போய் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கலாம். இத்தகையவர்களுக்குக் காதுக் குழலையே தொடாத, எலும்பு வழி ஒலி கடத்தும் மிஷின் உண்டு.

அன்றே போக வேண்டியவை

சர்க்கரை உள்ளவருக்குக் காது வலி இரவில் தூங்கவிடாத அளவுக்கு இருந்தால், தொற்று சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். தொற்று எலும்பில் இறங்கும் நிலையின் முதல் குரல் அந்த வலி. இரத்தம் கலந்த கசிவு, வாய் கோணுதல், கண் மூட முடியாமை, காதுக்குப் பின் வீக்கம், காய்ச்சலோடு தலைசுற்றல் என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் துறை உண்டு. போகும்போது மிஷினையும் மோல்டையும் டப்பாவோடு எடுத்துப் போங்கள்.

பின்தொடர்ச்சி

பதினான்கு மாதம் கவனிக்கப்பட்டது. சர்க்கரைச் சராசரி ஆறு மாதத்தில் 7.6-க்கு இறங்கியது. புதிய மோல்டு மாட்டிய முதல் வாரத்தில் மேல் ஓரம் அழுத்தி வலித்தது. பொறுத்துக்கொள்ளாமல் மறுநாளே வந்தார், ஆடியாலஜிஸ்ட் தேய்த்துக் கொடுத்தார். கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழையின்போது ஒரு தடவை அரிப்பு வந்தது. மருந்துக்கடைக்குப் போகாமல் மிஷினைக் கழற்றிவிட்டு இரண்டாம் நாள் வந்தார். ஈரக் குறும்பி மட்டும், பூஞ்சை இல்லை. உறிஞ்சி எடுத்து, மருந்தில்லாமல், ஐந்து நாள் வலது மிஷினுக்கு ஓய்வு கொடுத்ததில் சரியானது. கேட்டபோது, சிலிக்கா மணிகள் பத்து நாளாக இளஞ்சிவப்பாகவே கிடந்ததாக மனைவி சொன்னார்.